ஸ்டிக்கர் இருக்கலாம், எழுத்து இருக்கக் கூடாதா?

நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள். ஊர் வட்ஸ்அப் குழுக்களில் மூன்று நாளாக இதுதான் ஓடுகிறது. குரல் பதிவில் சண்டை பிடிக்க எனக்கு வராது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பாடசாலைக் கண்காட்சியில் ஆண்டு பத்துப் பிள்ளை ஒருவன் மூன்று சின்ன விமானங்களை வைத்திருந்தான். பெட்டியில் துண்டு துண்டாக வருகிற பிளாஸ்டிக் மொடல்கள். ஒட்டிப் பெயின்ட் அடித்துச் செய்ய வேண்டும். 1/72 அளவு, அதாவது உண்மையான விமானத்தின் 72இல் ஒரு பங்கு. மூன்றும் எங்கள் நாட்டு விமானப்படை வைத்திருந்த பயிற்சி விமானங்கள்: சிப்மங்க், ஜெட் ப்ரொவொஸ்ட், சியாய் மார்கெட்டி. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை. மூன்றாவது அட்டையில் அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இது பயிற்சி விமானம். 1990இல் யாழ்ப்பாணத்தில் குண்டு போடவும் இதைப் பாவித்தார்கள்."

பகல் பதினொரு மணிபோல யாரோ அட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். நான் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் அட்டையைக் காணவில்லை. விமானம் அப்படியே நிற்கிறது. இறக்கையில் விமானப்படையின் வட்டச் சின்னம் பளபளக்கிறது. எழுத்து மட்டும் இல்லை. பிள்ளை மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

எடுக்கச் சொன்னவர்கள் யார் என்று எழுத மாட்டேன். அவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் நான் அங்கே நிற்காதது என்னுடைய பிழை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனிக் குழுவில் வந்தவற்றுக்கு வருகிறேன்.

"ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவு கதையா, சேர்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அந்த ஸ்டிக்கர் என்னவென்று தெரியாமல் கேட்கிறார். இந்தக் கலைக்காரர்கள் அதை டெக்கல் என்பார்கள். கடையில் ரோல் ரோலாக வாங்கி முச்சக்கர வண்டியில் ஒட்டுகிற சாமான் இல்லை. ஒரு தாள், அதன் மேல் தண்ணீரில் கரையும் பசை, அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம், அந்தப் படலத்தில்தான் படம். வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம் போட்டால் பசை இளகும். தூரிகையால் மெதுவாகத் தள்ளி இறக்கையில் இறக்க வேண்டும். பெயின்ட் சொரசொரப்பாக இருந்தால் படலத்துக்கு அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மினுங்கும், எல்லாம் பாழ். அதனால் முன்கூட்டியே மினுமினுப்பு வார்னிஷ் ஒன்று அடிப்பார்கள். ஒட்டிய பிறகு, படலத்தை மென்மையாக்கி வளைவுகளுக்குள் படிய வைக்கிற திரவம் ஒன்று பூசுவார்கள். பூசியதும் டெக்கல் சுருங்கிக் கிழவியின் முகம் மாதிரி ஆகிவிடும். தெரியாதவன் பயந்துபோய்க் கையை வைப்பான். தெரிந்தவன் தொடாமல் காத்திருப்பான், காய்ந்ததும் தானாகவே நேராகிவிடும். இந்தப் பிள்ளை முதல் தடவை கையை வைத்தவன், இரண்டாம் தடவை காத்திருந்தவன். ஒன்பதாம் ஆண்டில் ஒரு வினாத்தாளை முடிக்கப் பொறுமை இல்லாமல் எழுந்து போன பிள்ளை இவன்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கிட் பெட்டியோடு ஒரு டெக்கல் தாள் வரும். அதில் பெரும்பாலும் பெரிய நாடுகளின் அடையாளங்கள்தான் இருக்கும். ஜெட் ப்ரொவொஸ்ட் என்றால் பிரித்தானிய விமானப்படை. மார்கெட்டி என்றால் ஐரோப்பிய நாடுகள். சின்ன நாட்டுக்காரன் தன் நாட்டு விமானத்தைச் செய்ய வேண்டுமென்றால் தனியாக அச்சடித்து விற்கிற தாளைத் தேடி வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் தானே செய்ய வேண்டும். எடுப்பிக்கிற காசுக்கு அந்த வீட்டில் ஒரு கிழமைச் சாப்பாடு ஆகும். ஆகவே தானே செய்தான்.

எப்படிச் செய்தான் என்பதைக் கணித ஆசிரியர்கள் கவனியுங்கள். மார்கெட்டியின் இறக்கை வீச்சு 8.35 மீற்றர். 72ஆல் வகுத்தால் 11.6 சென்ரிமீற்றர். பழைய புகைப்படங்களில் விமானத்தின் நீளத்தையும் வட்டச் சின்னத்தின் விட்டத்தையும் அளந்து விகிதம் எடுத்தான். கொம்பியூட்டரில் வரைந்து, வீட்டு பிரிண்டரில் டெக்கல் தாளில் அடித்தான். அப்போதுதான் தெரிந்தது, வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்று. வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் கீழே உள்ள பெயின்ட் தெரியும், மற்ற நிறங்களும் மங்கிப் போகும். இரண்டு தாள் வீணாகிய பிறகு, டேப்பில் கவராயத்தால் வட்டம் வெட்டி, விமானத்தில் முதலில் வெள்ளை வட்டம் பூசி, அதன் மேல் டெக்கலை வைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது, பிறகு நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இன்னொன்று. கிட்டில் இருந்தது பெட்றோல் பிஸ்டன் எஞ்சின் மார்கெட்டி. எங்களிடம் இருந்தது டர்போப்ரொப், எஸ்.எஃப். 260 டீ.பீ. மூக்கு நீளம். அதை அவன் படத்தில் கண்டுபிடித்து, புட்டி வைத்து மூக்கை நீட்டியிருந்தான். பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. அட்டையை மட்டும் எல்லோரும் கவனித்தார்கள்.

ஜெட் ப்ரொவொஸ்டிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 1971இல் பறந்த விமானத்தில் "ஸ்ரீ லங்கா" என்று எழுதினால் பிழை. 1972 மே மாதம்தான் நாடு குடியரசானது. அதுவரை அது றோயல் சிலோன் விமானப்படை. இதை என் வகுப்பில் நான் நான்கு தடவை சொல்லியிருப்பேன், ஒருவனுக்கும் மண்டையில் ஏறவில்லை. ஒரு டெக்கலுக்காக இவன் தானாகவே தேடிப் பிடித்தான். வரலாறு படிப்பிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்தது மார்க்க விஷயம். "உருவம் செய்வது கூடுமா" என்று ஒருவர் கேட்டிருந்தார். விமானத்துக்கு உயிர் இல்லை ஹாஜியார். உயிர் உள்ள உருவம்தானே பேச்சு. சந்தேகம் இருந்தால் மௌலவியிடம் கேளுங்கள், நான் கேட்டுவிட்டேன், அவர் சிரித்தார். வீண்விரயம் என்று சொன்னவர்களுக்கு: கிட் மூன்றும் மாமா வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டு வந்தவை. நோன்புப் பெருநாளைக்கு எங்கள் ஊரில் வெடித்துத் தீர்க்கிற காசைப் பற்றி நான் இப்போது பேசவில்லை.

பயத்தால் பேசியவர்களை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். "ஆமி விமானம், குண்டு என்று முஸ்லிம் பிள்ளை எழுதி வைத்திருக்கிறான், யாராவது படத்தை எடுத்து வேறு விதமாகப் போட்டால் என்ன ஆகும்" என்று ஒரு உம்மா கேட்டிருந்தார். நியாயமான பயம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் வீடுகளில் எதையெல்லாம் கிணற்றில் போட்டோம், எதையெல்லாம் எரித்தோம் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த மே மாதம் ஹசலக பக்கம் ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். அவர் உடுத்தியிருந்த உடுப்பில் கப்பல் சுக்கான் படம் அச்சடித்திருந்தது. அது தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பிடித்தார்கள். துணியில் அச்சடித்த ஒரு வட்டத்துக்குச் சிறை. அதைப் பார்த்தவர்களுக்கு விமானத்தில் உள்ள வட்டம் பயம் தராமல் இருக்குமா?

ஆனால் ராத்தா, நன்றாக யோசித்துப் பாருங்கள். பயந்தவர்கள் வட்டத்தை எடுக்கவில்லை. அட்டையைத்தான் எடுத்தார்கள். அப்படியென்றால் பயம் படத்தைப் பற்றியது இல்லை, படத்துக்குக் கீழே இருந்த உண்மையைப் பற்றியது. அந்த உண்மையோ இரகசியம் இல்லை. யாழ்ப்பாணத்தில் எந்தத் திண்ணையில் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி எனக்குக் கோபம் வந்த இடம்.

"புலிகள் எங்களை விரட்டினார்கள். அவர்களுக்குக் குண்டு போட்ட விமானம் எங்களுடைய விமானம். இந்தப் பிள்ளை ஏன் அதைக் குறையாக எழுத வேண்டும்?" இதை எழுதியவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். புத்தளத்தில் பிறந்தவர்.

நான் சோனகத் தெருவில் பிறந்தவன். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. பின்வளவில் பங்கர் இருந்தது. ஹெலியின் சத்தம் வேறு, சகடையின் சத்தம் வேறு, இதன் சத்தம் வேறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். "சியாய் மார்கெட்டி" என்ற பெயர் யாருடைய வாய்க்கும் வரவில்லை. யாழ்ப்பாணம் முழுக்க அதைச் "சியாமசெட்டி" ஆக்கிவிட்டது, ஏதோ நகைக்கடைச் செட்டியாரின் பெயர் மாதிரி. சியாமசெட்டி வந்தால் உம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்குவா, நான் பின்னால். பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கால் ஏலாது. அவவை வாப்பாவும் அவவின் மகனும் பிடித்து இறக்குவார்கள். பங்கருக்குள் அவ திருநீறு பூசிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவா, உம்மா கலிமா ஓதுவா. மேலே பறந்தவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கோட்டைக்கு யார் குறி வைக்கிறான், வீட்டுக்கு யார் குறி வைக்கிறான் என்றெல்லாம் பங்கருக்குள் இருக்கிறவன் ஆராய்வதில்லை. சத்தம் கிட்டவா, தூரமா, அவ்வளவுதான்.

ஒக்டோபர் 30ஆம் திகதி எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். தந்தவர்கள் புலிகள். அதை நான் மறக்கவும் இல்லை, மன்னித்தேன் என்று மேடையில் சொல்லவும் இல்லை. வீட்டுத் திறப்பை உம்மா ஆச்சியிடம்தான் கொடுத்தா.

புத்தளத்துக்கு வந்த பிறகு ஒரு நாள், ஓலைக் கொட்டிலுக்கு மேலே ஒரு விமானம் வடக்குப் பக்கமாகப் போனது. நான் கை தட்டினேன். "போடு, போடு" என்று கத்தினேன். உம்மா ஓங்கி என் கையில் அடித்தா. "ஆச்சி அங்கதானே இருக்கா" என்று சொன்னா. வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தார் மீது உள்ள வெறுப்பால் நீதி தவறக் கூடாது என்பதைப் பற்றி எத்தனை ஜும்ஆ பயான் கேட்டிருப்போம். எனக்கு அது விளங்கியது அன்று கொட்டிலில்தான்.

அந்த அட்டையில் இருந்த ஒரு வரி, ஆச்சியைப் பற்றிய வரி. அதனால்தான் சொல்கிறேன், அது எங்களுடைய வரியும்தான்.

அடுத்த கட்சி, "நாட்டுப்பற்று" கட்சி. விமானத்தைப் பெரிய மேசையில் வையுங்கள், அதிகாரிகள் வரும்போது காட்டலாம், நாங்கள் விசுவாசமானவர்கள் என்று தெரியும், அட்டையைத்தான் எடுக்கச் சொன்னோம் என்கிறார்கள். ஒரு பிள்ளை ஆறு மாதம் இருந்து செய்த வேலையை எங்களுக்கான நற்சான்றிதழாக ஆக்கப் பார்க்கிறீர்கள். இந்த நாட்டில் பிறந்தவனுக்கு நற்சான்றிதழ் எதற்கு? விமானப்படையில் எங்கள் ஆட்களும் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். 2023 ஓகஸ்டில் சீனக்குடாவில் பீ.டீ.6 பயிற்சி விமானம் விழுந்து இரண்டு அதிகாரிகள் இறந்தபோது துக்கப்பட எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. 2007 ஒக்டோபரில் அநுராதபுரத் தளத்தைப் புலிகள் தாக்கியபோது நின்ற இடத்திலேயே எரிந்தவற்றில் பயிற்சி விமானங்களும் இருந்தன. இதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அடுத்த மொடல் பீ.டீ.6 என்று சொல்லியிருக்கிறான். அதற்கும் அட்டை எழுதுவான். அந்த அட்டையை நீங்கள் எடுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சிங்களச் சகோதரர்கள் பார்த்தால் மனம் நோகும் என்றார் ஒருவர். இரண்டாவது அட்டையை அவர் வாசிக்கவே இல்லை. ஜெட் ப்ரொவொஸ்ட் 1959இல் பயிற்சிக்கென்று வாங்கப்பட்டது, மொத்தம் 12. பிறகு சீனக்குடாவில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1971 ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்தபோது அவசர அவசரமாகத் திருத்தி எடுத்துக் கிளர்ச்சிக்காரர்கள் மீது தாக்குதலுக்கு அனுப்பினார்கள். யார் அந்தக் கிளர்ச்சிக்காரர்கள்? கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவர்கள். பயிற்சி விமானம் முதலில் பாய்ந்தது அவர்கள் மீதுதான். அந்த வரலாற்றைச் சிங்களப் பிள்ளைகளும் தேடிப் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். நாங்கள் மட்டும் எல்லோருக்காகவும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறோம்.

"பயிற்சி விமானம்" என்ற சொல்லே ஒரு ஸ்டிக்கர்தான். வாங்குகிற நாட்டுக்கும் வசதி, விற்கிற நாட்டுக்கும் வசதி. ஓட்டப் பழகுகிற சைக்கிள் மாதிரிக் கேட்கும். எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல இது. பிரித்தானியாவின் ஹோக் பயிற்சி விமானத்தை எடுங்கள். மொடல் கடையில் ஹோக் என்றால் சிவப்பு நிறப் பெட்டிதான் கண்ணில் படும், ரெட் ஏரோஸ் சாகசக் குழுவின் டெக்கல்கள், வெள்ளைக் கோடுகள், பார்க்க அழகுதான். அதே ஹோக்கை இந்தோனேசியாவுக்கு விற்றார்கள். கிழக்குத் திமோரில் பாவிப்பார்கள் என்று சொல்லி, 1996 ஜனவரியில் லங்காஷயர் வார்ட்டனில் உள்ள தொழிற்சாலைக்குள் பெண்கள் புகுந்து, அனுப்பத் தயாராக நின்ற ஒரு ஹோக்கைச் சாதாரணச் சுத்தியலால் அடித்து உடைத்தார்கள். அந்தச் செயலுக்காக நான்கு பெண்கள் மீது வழக்கு. அதே வருடம் ஜூலையில் லிவர்பூல் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவர்களைக் குற்றவாளிகள் இல்லை என்று விடுவித்தார்கள். இந்தோனேசியா முஸ்லிம் நாடு, கிழக்குத் திமோரில் இருந்தவர்கள் கத்தோலிக்கர்கள். "எங்கள் ஆட்கள்" என்று பார்த்தால் இந்தக் கதையை நாங்கள் சொல்லவே கூடாது. நான் சொல்கிறேன்.

டெக்கல் தாள்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். "இங்கே மிதிக்காதே" என்று இறக்கையில் உள்ள எழுத்துவரை அச்சடித்திருப்பார்கள், எறும்பின் கால் அளவில். எரிபொருள் மூடி எங்கே, ஆபத்தில் வெளியேற்றும் இருக்கையின் சிவப்பு முக்கோணம் எங்கே, எல்லாம் இருக்கும். அந்தத் துல்லியத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் இவன். ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் உரித்து எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுகிறவன். அவனிடம் போய் "வருடத்தையும் ஊரையும் எழுதாதே" என்று சொல்கிறோம். சின்னம் சரியாக இருக்க வேண்டும், செய்த காரியம் தெரியக் கூடாது. இதை நாங்கள் கண்காட்சி என்றா சொல்வது? விளம்பரப் பலகைக்கு இது போதும்.

அட்டை என்னிடம் இருக்கிறது. குப்பைக் கூடையிலிருந்து எடுத்தேன், ஒரு மூலை மடங்கியிருக்கிறது. கண்காட்சிச் சாமான்கள் அடுத்த வாரம் நூலகத்துக்குப் போகின்றன. அங்கே மூன்று விமானமும் மூன்று அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அதிபரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். அட்டை வேண்டாம் என்றால் விமானமும் வேண்டாம், பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போகட்டும். எதிர்க்கிறவர்கள் பெயர் போட்டு எழுத்தில் தாருங்கள். குழுவில் நள்ளிரவில் குரல் பதிவு வேண்டாம்.

இன்னொரு உதவியும் தேவை. நேற்று அவன் வந்து கேட்டான், "சேர், சியாமசெட்டியின் கீழ்ப்பக்கத்தில் வட்டச் சின்னம் இருந்ததா? இறக்கைக்குக் கீழே என்ன நிறம்?" அவனுக்குக் கிடைத்த படங்கள் எல்லாம் பக்கவாட்டில், தரையில் நிற்கும்போது எடுத்தவை. கீழிருந்து அதைப் பார்த்தவன் நான். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சத்தம் மட்டும்தான் இருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்தில் இருந்த காக்காமார், ராத்தாமார், அங்கே இன்றும் இருக்கிற தமிழ் உறவுகள், யாராவது அதை அண்ணாந்து பார்த்திருந்தால், நிறமோ சின்னமோ ஞாபகம் இருந்தால், கீழே எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். அவன் அந்த இடத்தை இன்னும் பெயின்ட் அடிக்காமல் வைத்திருக்கிறான்.